அடுத்த நம்பர் சவுக்குத் தோப்பில்

வெள்ளிக்கிழமை மதியம் எச்சரிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்.

எச்சரிக்கை எழுதுவது என் வேலை. கொல்கத்தா செக்டர் ஃபைவில் ஒரு சின்னக் கம்பெனி. வானிலை, கடல் அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வரும். கரையோரத்தில் இருப்பவர்களின் போனுக்கு அவரவர் மொழியில் அனுப்புவோம். தமிழ் என் பொறுப்பு. ஒரு குறுஞ்செய்தியில் தமிழுக்கு எழுபது எழுத்துதான் இடம். காற்று, அலை, நாள், என்ன செய்யக் கூடாது. வணக்கத்துக்கு இடமில்லை. நான் பேசுவதும் அப்படியே ஆகிவிட்டது என்கிறார் மீனாக்ஷி அம்மா.

மீனாக்ஷி அம்மா என் மாமியார். டாக்குரியாவில் அவரும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் மகள் சுப்ரியா இருந்தவரை மூன்று பேர். டெங்குவில் அவள் போய் ஒன்றரை வருடம். நான் திருச்சிக்குத் திரும்பிவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

எச்சரிக்கை இதுதான். வங்கக் கடலின் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது இலங்கைப் பக்கம் போகிறது. கொல்கத்தாவுக்கு ஒரு சொட்டு மழை கிடையாது. ஆனால் அது கிளப்பிவிட்ட பேரலைகள் வடக்கே வந்து சேரும். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் என்பதால் ஜோவார், அதாவது கடலேற்றம், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். இரண்டும் ஞாயிறு நண்பகலில் ஒன்றுசேரும். மேற்கு வங்கக் கரையில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். பொதுமக்கள் கரையோரம் கூட வேண்டாம்.

எங்கள் பிக்னிக் மந்தார்மணியில். கடற்கரை மணலில். நண்பகலில்.

லேக் மார்க்கெட் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். முதலில் ஒரு ரோஜாப்பூ வந்தது. பிறகு கை கூப்பிய படங்கள். பிறகு செயலாளர் குருமூர்த்தி மாமாவின் பதில்: ‘தகவலுக்கு நன்றி. நம் குழுவில் மீனவர் எவரும் இல்லை.’ நாகரத்தினம் மாமி எழுதுவதில்லை, பேசி அனுப்புவார். “நாம மீனே தொடறதில்லையே, அஷ்வத். கடலுக்கும் நமக்கும் என்ன சண்டை?”

இரண்டாவது வரியையும் படிக்கச் சொன்னேன். பொதுமக்கள் என்று இருக்கிறது என்றேன். அதற்கும் ஒரு ரோஜாப்பூ.

சாயங்காலம் குருமூர்த்தி மாமாவே போன் செய்தார். பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையைச் சரிசெய்துகொள்ளாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார்.

“அஷ்வத், ஒளிவு மறைவில்லாம கேக்கறேன். பொண்ணு பாக்கப் பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லணும். அதுக்காக வங்கக் கடலையே கலக்கறதா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிக்னிக்கில் ஒரு பெண்ணை எனக்குக் காட்டுவதாக ஏற்பாடு. நந்திதா. ஜோத்பூர் பார்க் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மீனாக்ஷி அம்மாவின் சினேகிதிக்கு அண்ணன் பெண். வியாழக்கிழமை அம்மா என்னிடம் சொன்னார். சரி என்றேன். வெள்ளிக்கிழமை கடல் பொங்குகிறது என்கிறேன். பிக்னிக்குக்கு வருகிற நாற்பது பேரும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

உண்மையில் எனக்கு அந்தப் பெண்ணைப் பார்ப்பதில் ஆட்சேபமே இல்லை. ஆட்சேபிக்க ஒரு மனம் வேண்டும். ஒன்றரை வருடமாக என்ன சாப்பிடுகிறேன் என்று யாராவது கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அலை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நாற்பது பேரில் அம்மாவும் இருந்தார். முழங்கால் வலி. நடக்கவே ஆள் பிடிக்க வேண்டும். அவர் ஒருவரையாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போனேன்.

அம்மா கட்டிலில் கம்பளித் துணிகளைப் பரப்பி வைத்திருந்தார். வீடு முழுக்க நாப்தலின் வாசனை.

“மாப்ளே, ஜன்னலைத் திறந்து பாருங்கோ. வானம் அலம்பிக் கவுத்த மாதிரி இருக்கு.”

“அலை வானத்திலேர்ந்து வராதும்மா.”

“பொண்ணு குள்ளம்னு யாராவது சொன்னாளா?”

“யாரும் சொல்லலை.”

“பின்ன எதுக்குப் புயல்?”

“புயல் இல்லை. தாழ்வு மண்டலம்.”

“ஏதோ ஒண்ணு. அது உங்க ஆபீஸ்லேர்ந்து மட்டும் எப்படி வருது? டிவியில குளிர்னுதானே சொன்னான். பதிமூணு டிகிரியாம். அதுக்கு ஒரு எச்சரிக்கை போட்டேளா நீங்கோ? இந்த மஃப்ளரைப் பிடியுங்கோ.”

பிடித்தேன்.

“நான் வரலைன்னு சொல்லலை. அவங்களை வேற எங்கயாவது பாக்கறேன். லேக் பக்கத்துல. மார்க்கெட்ல. எங்க வேணாலும்.”

“ஆமா. அப்புறம் லேக்ல முதலை வந்துடுத்தும்பேள்.”

பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் குருமூர்த்தி மாமாவிடம் கடைசியாக ஒருமுறை முயன்றேன். பெத்துராஜ் அண்ணாச்சி வடைக்கு உளுந்து ஊறப் போட்டாகிவிட்டது என்றார். ஊறப் போட்ட உளுந்துக்கு மேல் அப்பீல் கிடையாது.

ஞாயிறு விடியலில் பஸ் கிளம்பியது. சாந்த்ராகாச்சி தாண்டும்போது மூடுபனி. முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. பஸ்ஸில் ஒரே கூக்குரல். டிரைவர் ரபீக் பாய்க்கு இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் அறிவுரை பறந்தது. மெதுவா, மெதுவா, ஆஸ்தே! குருமூர்த்தி மாமா சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தார். பனி விலகியதும் பாதியில் நிறுத்திவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தை எங்கள் ஆட்கள் மதிப்பார்கள்.

மந்தார்மணியில் அற்புதமான வெயில். நீலக் கடல். அகலமான மணல். எல்லோரும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். கடலைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டவனைப் பார்ப்பது போல.

“அஷ்வத், அந்தத் தாழ்வு எங்கப்பா, காணுமே?” என்றார் குருமூர்த்தி மாமா. அவர் தலையில் மங்கி கேப். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே. நான் அரைக்கைச் சட்டையில் இருந்தேன்.

மணலில் சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. போலீஸ் நட்டது. அதைத் தாண்டிப் போகாதே என்று அர்த்தம். அன்றைக்கு அதை இன்னும் மேலே நட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் செயலாளருக்கு அது வேறு விதமாகப் பயன்பட்டது. “கொடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போடுங்கோ, அடையாளமா இருக்கும்,” என்றார். நாகரத்தினம் மாமி கொடிக்கம்பில் தன் கைப்பையை மாட்டினார்.

பெத்துராஜ் அண்ணாச்சி இன்னும் கீழே போய், ஈர மணலில் அடுப்பை வைத்திருந்தார். லேக் மார்க்கெட்டில் டிபன் கடை வைத்திருப்பவர். விருதுநகர்ப் பக்கம்.

“அண்ணாச்சி, மேல வச்சுக்கலாமே.”

“மேல பூரா பொதபொதன்னு கெடக்கு தம்பி. அடுப்பு சாயும். இங்க பாருங்க, சிமெண்டுத் தரை கணக்கா.”

“ஏன் அப்படி இருக்குன்னு யோசிச்சீங்களா? தினம் ரெண்டு தடவை கடல் அது மேல ஏறிட்டுப் போகுது.”

அவர் மணலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா சாம்பார் கொதி வந்திருச்சு. எறக்கிட்டு மாத்துவோம்.”

எனக்குக் கிடைத்த முதல் பாதி நம்பிக்கை அது.

அம்மா இரண்டு நாற்காலிகளைக் கடலுக்குப் பக்கமாக, மற்றவர்களிடமிருந்து தள்ளிப் போடவைத்திருந்தார். ஒன்றில் நந்திதா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு விடைத்தாள். சிவப்புப் பேனா. நான் உட்கார்ந்ததும் நாற்பது பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தனை முதுகுகளை நான் ஒருசேரப் பார்த்ததில்லை.

“நீங்கதானே அந்த சைக்ளோன்?” என்றாள்.

“தாழ்வு மண்டலம்.”

“நான் நம்பினேன். சத்யி, நிஜமா. கேன்சல் ஆகும்னு ரெண்டு நாளா வெய்ட் பண்ணினேன். இன்னும் கொஞ்சம் பெரிசா அனுப்பியிருக்கலாம் நீங்க.”

“நான் அனுப்பறதில்லை. எழுதறது மட்டும்தான்.”

“பெரிசா எழுதியிருக்கலாம்.” ஒரு தாளில் பெரிய தப்பு போட்டாள். “இவன் பாருங்க, முக்கோணத்துக்கு நாலாவதா ஒரு கோணம் கண்டுபிடிச்சிருக்கான்.”

“உங்களுக்கும் விருப்பம் இல்லையா?”

“உங்களை எனக்குத் தெரியாதே. விருப்பம் இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்றது? இத்தனை பேர் முதுகு பாக்கறப்போ எனக்கு எதுவுமே தோணலை.”

எனக்கும் எதுவும் தோணவில்லை என்றேன். நியாயம் என்றாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

“அது கொடிகிட்ட வந்துடும் இல்ல?”

“கொடியைத் தாண்டி, இந்த மணல் முழுக்க. அதோ அந்தச் சவுக்குத் தோப்பு வரைக்கும். இன்னும் ஒரு மணி நேரத்துக்குள்ள.”

“சீரியஸா?”

“சீரியஸா.”

விடைத்தாள்களைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். ஒரு ஆளை நம்பவைக்க இவ்வளவு போதும் என்பது எனக்கே மறந்திருந்தது.

இருவரும் போய்ச் சொன்னோம். குருமூர்த்தி மாமா மைக்கை எடுத்தார். ஹவுசி தொடங்க இருந்தது. “ஒரு அறிவிப்பு. நம்ம அஷ்வத் தண்ணி வருதுங்கறார். கடல்னா தண்ணி வரத்தான் வரும். நந்திதாவும் அதையே சொல்றா. ரெண்டு பேருக்கும் ஒத்த கருத்து. ரொம்ப சந்தோஷம்.”

கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினார்.

எங்கள் ஹவுசி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் நம்பர் அச்சிட்ட டிக்கெட்; கூப்பிடுகிற நம்பரை அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ். பையிலிருந்து வில்லையை எடுத்து நம்பரைச் சும்மா வாசித்துவிட முடியாது. முதலில் குறிப்பு சொல்ல வேண்டும். எத்தனையோ வருட வழக்கம். ‘சபரிமலைப் படி’ என்றால் பதினெட்டு. ‘நாயன்மார்’ என்றால் அறுபத்து மூன்று. குறிப்பிலேயே நம்பரைப் பிடித்து அடிப்பவர்களுக்குக் கௌரவம். நம்பர் சொல்லும்வரை காத்திருப்பவர்கள் இளைய தலைமுறை. ஆட்டம் நடக்கும்போது தீப்பிடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நாகரத்தினம் மாமி ஒரு வருடம் மூக்கில் ரத்தம் வடிய ஆடி முதல் வரிசை அடித்தவர்.

ஆட்டம் நடந்தது. அலை கொடிக்கம்பைத் தொட்டது. மாமி டிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அலை பின்வாங்கியது. “பாத்தேளா, போயிடுத்து,” என்றார் யாரோ.

அந்தச் சமயத்தில் குருமூர்த்தி மாமாவுக்குத் தொண்டை கட்டியது. நிஜமாகக் கட்டியதா, அம்மா கண் காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “மிச்சத்தை அஷ்வத் கூப்பிடட்டும். நந்திதா வில்லை எடுக்கட்டும். சின்னவாளும் கத்துக்கணுமே,” என்று மைக்கை நீட்டினார். நாற்பது முகங்கள் மலர்ந்தன.

நந்திதா பைக்குள் கை விட்டாள். வில்லையைக் காட்டினாள்.

“பன்னிரண்டு,” என்றேன்.

“குறிப்பு! குறிப்பு!”

“ஆழ்வார்.”

“குறிப்பு முன்னாடி, நம்பர் பின்னாடி!” என்றார் நாகரத்தினம் மாமி. “ஊருக்கெல்லாம் முன்னாடி சொல்றவர், இது தெரியாதோ?” சொல்லிக்கொண்டே அடித்தார். பிறகு நிமிர்ந்தார். குரல் மாறிவிட்டது. “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஃபுல் ஹவுஸ்.”

“எனக்கும் ஒண்ணுதான்,” என்றார் குருமூர்த்தி மாமா.

இன்னும் இரண்டு மூன்று பேர் கை தூக்கினார்கள். மணலில் சத்தமே இல்லை. கடல் மட்டும் பேசியது. இந்த முறை அலை முன்வரிசை நாற்காலிக் கால்களை நனைத்துவிட்டுப் போனது. எல்லோரும் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நந்திதா அடுத்த வில்லையை எடுத்தாள். பார்த்தாள். என்னிடம் காட்ட வந்தவள், சட்டென்று விரல்களை மூடிக்கொண்டாள். கண்ணால் சவுக்குத் தோப்பைக் காட்டினாள்.

மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“அடுத்த நம்பர் சவுக்குத் தோப்பில்.”

“என்னது?”

“அடுத்த நம்பர் சவுக்குத் தோப்பில் சொல்லப்படும். பஸ் பக்கத்தில். அங்கே வந்து நிற்பவர்கள் மட்டும்தான் அடிக்கலாம்.”

ஸ்பீக்கரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். நந்திதா பையைக் கட்டி எடுத்துக்கொண்டாள். நடக்க ஆரம்பித்தோம்.

பின்னால் வெடித்தது.

“இது அக்கிரமம்!”

“ரூல்ல இல்லை!”

“கமிட்டியைக் கூட்டுங்கோ! கமிட்டி முடிவு பண்ணட்டும்!”

“அஷ்வத்! ஏய்! மைக்கைக் குடு!”

திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். “யாராவது வர்றாங்களா?” என்றேன். நந்திதா ஓரக்கண்ணால் பார்த்தாள். “ஒருத்தர். நாற்காலியோட.”

நாகரத்தினம் மாமி. ஒரு கையில் டிக்கெட். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். அவர் மட்டும் தோப்புக்குப் போய், அங்கே அவர் நம்பர் வந்துவிட்டால்? அந்த எண்ணம் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். கமிட்டி எழுந்தது. பிறகு எல்லோரும். டிக்கெட்டைக் காற்றில் பறக்காமல் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மங்கி கேப்பும் சால்வையுமாக, நாற்பது வருட பேங்க் உத்தியோகமும் சகஸ்ரநாமமும் மணலில் ஓடின. “பெத்துராஜ், வடையை விட்டுடாதே!” என்று மாமி ஓட்டத்திலேயே உத்தரவு போட்டார். அண்ணாச்சி ஏற்கெனவே கேஸை மூடிவிட்டு, சாம்பார் அண்டாவை மேலே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

தோப்பில் எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை. யார் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது.

அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் பக்கத்தில், எங்களுக்காகப் போட்ட இரண்டு நாற்காலிகளில் ஒன்றில், இன்னொன்றின் மேல் காலை நீட்டிக்கொண்டு. அவர் ஹவுசி ஆடுவதில்லை. நானும் நந்திதாவும் சேர்ந்து நடந்து போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அம்மா, எழுந்திருங்கோ.”

“என்னை எதுக்குக் கூப்பிடறேள்? அவ தனியா நிக்கறா பாருங்கோ. போங்கோ. நான் வந்தா பேச்சு நின்னுடும்.”

“அம்மா, தண்ணி.”

“போறும் மாப்ளே. அந்தக் கதையை இன்னும் எத்தனை—”

அலை வந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. நிதானமாக வந்து, அம்மாவின் மடிவரை ஏறி, மஃப்ளரைத் தூக்கிக்கொண்டு போனது. நாற்காலியின் கால்கள் மணலில் இறங்கின. அம்மா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, பயம் இல்லை. அவ்வளவு பெரிய ஆச்சரியத்தை நான் ஒரு முகத்தில் பார்த்ததில்லை.

“நிஜமாவா?” என்றார்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் மடங்கவில்லை. எனக்குக் குளிர்ந்தது. ஒன்றரை வருடத்தில் நான் பயந்ததே இல்லை. பயம் எப்படி இருக்கும் என்பது மறந்துபோயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது.

“தள்ளுங்க தம்பி, நாக்காலியோட தூக்குவோம்,” என்று பின்னால் குரல் கேட்டது. பெத்துராஜ் அண்ணாச்சி. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். அடுத்த அலை வருமுன் நாற்காலியைப் பிடுங்கித் தோளுயரத்துக்குத் தூக்கிவிட்டோம். அம்மா இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார். சப்பரத்தில் எழுந்தருளியது போல. தோப்பிலிருந்து யாரோ நிஜமாகவே கை கூப்பினார்கள்.

“சிரிக்காதேங்கோ எல்லாரும்,” என்று மேலிருந்து அம்மா அதட்டினார். “பெத்துராஜ், வலது பக்கம் சாயறது.”

“கனம் அப்படிங்கம்மா.”

இறக்கி வைத்தபோது எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் இல்லை. விட்டுவந்த நாற்காலிகள் சில மிதந்தன. மோர் கேன் ஒன்று, நின்றபடியே, மரியாதையாகத் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிவப்புக் கொடியின் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. குருமூர்த்தி மாமா மங்கி கேப்பைக் கழற்றிவிட்டார். அவர் காதுகளை அன்றுதான் பார்த்தேன்.

“நம்பர்?” என்றார் நாகரத்தினம் மாமி.

நந்திதா கையை விரித்தாள். “இருபத்தேழு நட்சத்திரம்.” குறிப்பையும் நம்பரையும் ஒன்றாகவே சொல்லிவிட்டாள்.

“எனக்கில்லை!” மாமி டிக்கெட்டைக் கீழே போட்டார். “இதுக்கா என்னை நாற்காலியைத் தூக்கிண்டு ஓட வெச்சேள்?”

சாப்பாடு தோப்பில் நடந்தது. சாம்பாரில் கொஞ்சம் மணல். யாரும் குறை சொல்லவில்லை. நந்திதா எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். கை கழுவப் போகும்போது, “அடுத்த தடவை ஸ்கூல் பரீட்சைக்கு ஒரு சைக்ளோன் அனுப்புங்க,” என்றாள். பார்க்கிறேன் என்றேன். எங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் வேறு ஆளாகிவிட்டேன்.

“அஷ்வத், கோலாகாட்ல டீக்கு நிறுத்தலாமா? ஆத்துப் பக்கம் ஒண்ணும் இல்லையே?”

“இல்லை மாமா.”

“என் பேரன் நாளைக்கு பூரி போறான்,” என்றார் இன்னொருவர்.

“தண்ணியில இறங்காம இருக்கச் சொல்லுங்கோ. புதன்கிழமைக்கு அப்புறம் பரவாயில்லை.”

உடனே போன் போட்டார்கள். நான் சொன்ன சொல் பஸ்ஸுக்குள்ளேயே பூரிவரைக்கும் போனது.

அம்மா என் பக்கத்தில் இருந்தார். நாகரத்தினம் மாமி கொடுத்த உலர்ந்த புடவை. அதன் மேல் இரண்டு ஸ்வெட்டர். மேல் ஸ்வெட்டருக்கு ஒவ்வொன்றாகப் பித்தான் போட்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு.”

“ஆமா.”

“ஆனா அமையாது போல இருக்கு.”

“ஆமா.”

“பிப்ரவரியில குருமூர்த்தி டார்ஜீலிங் ட்ரிப் போடறார். சிலிகுரியிலே ஒரு குடும்பம் இருக்கு. அங்க கடல் கிடையாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கிருந்தோ தானாக வந்தது. “நிலச்சரிவு இருக்கே,” என்றேன்.

அம்மாவின் முகம் மாறியது. சட்டென்று நிமிர்ந்து, முன்சீட்டைத் தட்டினார்.

“குருமூர்த்தி! டார்ஜீலிங் வேண்டாம்! நிலச்சரிவாம்!”

“ஐயையோ. சரி சரி, கேன்சல்.”

“கேன்சல், கேன்சல்,” என்று பஸ் முழுக்க ஓடியது. யாரோ ஹோட்டலுக்கு எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவரும் பெண் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று கேட்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நிஜத்தைச் சொல்லி நாய் படாத பாடு பட்டவன் நான். இன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நாற்பது பேர் ஒரு மலையையே கைவிட்டுவிட்டார்கள்.

எழுந்து நின்றேன். பஸ் குலுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நிலச்சரிவு இல்லை. சும்மா சொன்னேன். அது மழைக்காலத்துலதான். பிப்ரவரியில குளிர் மட்டும்தான்.”

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின.

“பின்ன ஏன் சொன்னேள்?” என்றார் அம்மா.

உட்கார்ந்தேன். குரலைத் தணித்தேன். “எனக்கு யாரையும் பாக்க வேண்டாம்மா. இப்போதைக்கு. அது நிஜம்.”

அம்மா என்னை ஒரு முறை முழுசாகப் பார்த்தார். அலை வந்து போன பிறகு பார்த்தாரே, அதே மாதிரி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வயல்களின் மேல் புகைபோலப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கப்புறம் உங்களுக்கு யார் காபி கலப்பான்னுதான்,” என்றார் ஜன்னலிடம்.

“எனக்கே கலக்கத் தெரியும்.”

“தெரியும். குடிச்சிருக்கேன். அதனாலதான் பயமே.”

முன்னாலிருந்து குருமூர்த்தி மாமா எட்டிப் பார்த்தார். கையில் போன். மங்கி கேப் மறுபடி ஏறிவிட்டது. “மீனாக்ஷி, டார்ஜீலிங் உண்டா இல்லையா? ஹோட்டல்காரன் லைன்ல இருக்கான்.”

“உண்டு,” என்றார் அம்மா. “எங்களுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்கோ.”

“சிலிகுரியிலே இறங்கணுமா?”

“வேண்டாம். நேரா மலைக்கு. நாங்க மலையைத்தான் பாக்கப் போறோம்.”